ஒயில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எஞ்சினைத் திறக்காதீர்கள்

பழைய பைக்குகளின் ஒயில் கசிவு பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, என்னுடைய ஹொண்டா சீடி 125 எஞ்சினின் அடி முழுக்க ஒயில். எஞ்சினை இறக்கி எல்லா பெக்கிங்கும் (மூட்டுகளுக்கு இடையில் வைக்கும் கஸ்கட்) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக் பாஸ். கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் தம்பி. ஒயில் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. கசிந்த ஒயில் கீழே இறங்கும். பைக் ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளிப் பரப்பிவிடும். ஆகவே ஈரமாக இருப்பதில் ஆக மேலேயும் ஆக முன்னாலும் உள்ள இடத்தைத்தான் தேட வேண்டும்.

எஞ்சின் ஆறியதும் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு அழுக்கை எடுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். காபுரேட்டருக்குள்ளும் பொயின்ற் மூடிக்குள்ளும் தண்ணீர் போகக்கூடாது. முற்றாகக் காய்ந்த பிறகு ஹெட், சிலிண்டர் அடி, கிளட்ச் மூடி, ஸ்புறொக்கட் பக்கம் ஆகிய மூட்டுகளில் பேபி பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பைக்கை நிறுத்தி வைத்தே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டு, டோர்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தால் அதன் மேல் முனைதான் கசியும் இடம். ஒன்றும் தெரியாவிட்டால் மறுபடி தூவி, காலி வீதியில் ஒரு ஓட்டம் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் பாருங்கள். சில சீல்கள் (ஷாஃப்ட்டைச் சுற்றி ஒயிலை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) சூட்டில்தான் விடும்.

இதற்கெல்லாம் முன்பு ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஹொண்டாவில் குச்சியைத் திருகாமல், துளையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகி அளந்தால் மட்டம் கூடவாகக் காட்டும், நீங்கள் குறைவாக ஊற்றிவிடுவீர்கள். நீங்கள் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்து, ஒயிலில் பெற்றோல் மணமும் அடித்தால் பிழை காபுரேட்டரில். மிதவை ஊசி மூடாததால் பெற்றோல் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்குகிறது. தண்ணீர் மாதிரி ஆகிவிட்ட ஒயிலை எந்தப் பெக்கிங்கும் பிடிக்காது. பெயரிங்குகளும் பழுதாகும். ஊசியைச் சரி செய்து ஒயிலை மாற்றும் வரை பைக்கை ஓட்டாதீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஹொண்டா கஃப் சீ 70 க்கு எல்லா பெக்கிங்கும் புதிதாகப் போட்டேன். ஒரு மாதத்தில் மூன்று இடத்தில் மறுபடி கசிவு. சாமான் கூடாதா?

பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் சாமானைக் குறை சொல்வதற்கு முன் உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பாருங்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் கேஸுக்குள் (எஞ்சினின் அடிப்பெட்டி) இருக்கும் காற்று மூச்சுக் குழாயால் வெளியேற வேண்டும். அந்தக் குழாய் நசுங்கியிருந்தாலும், சேறோ குளவிக் கூடோ அடைத்திருந்தாலும், காற்று ஒயிலையும் தள்ளிக்கொண்டு பலவீனமான மூட்டால் வெளியே வரும். குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.

குழாய் சுத்தமாக இருந்தால் அடுத்தது பிஸ்டன் ரிங். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒயில் மூடியை எடுத்துப் பாருங்கள். லேசான துடிப்பு சாதாரணம். புகையோடு பலமாக அடித்தால் பிஸ்டனைத் தாண்டி வாயு கீழே வருகிறது. கொம்ப்ரஷன் மீற்றர் வைத்து ஒருமுறை அளங்கள். பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளங்கள். இரண்டாம் முறை அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் பெக்கிங்கையோ சந்தேகியுங்கள். ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு எத்தனை பெக்கிங் மாற்றினாலும் காசுதான் வீண்.

தெமட்டகொடையிலிருந்து: பெக்கிங்கோடு சிலிக்கனும் பூசினால் பாதுகாப்புத்தானே?

பூசாதீர்கள். கஃப் எஞ்சின்கள் பலவற்றைக் கொல்வது இதுதான். மூடியை இறுக்கும்போது வெளியே பிதுங்குகிற அளவு சிலிக்கன் உள்ளேயும் பிதுங்கும். அது பிய்ந்து போய்க் கிளட்ச் மூடிக்குப் பின்னாலுள்ள ஒயில் வலையை அடைக்கும், அல்லது ஹெட்டுக்கு ஒயில் ஏறும் சிறிய துளையில் போய் நிற்கும். முதலில் போவது கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு).

மூடியின் முகம் சமமாக இருந்தால் கடதாசிப் பெக்கிங்கும் இரு பக்கமும் மெல்லிய கிறீஸும் போதும். பழைய பெக்கிங்கைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் விழும் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. முகத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 0.05 மில்லிமீற்றர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். உள்ளே போனால் அதே கண்ணாடியில் 400 ஆம் நம்பர் வோட்டர் பேப்பரை வைத்து, எட்டு வடிவில், அழுத்தாமல் தேயுங்கள். 6 மில்லிமீற்றர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீற்றர் போதும், குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கியவர்களின் மூடிகள்தான் போல்ட்டைச் சுற்றி நெளிந்திருக்கும்.

கடதாசியின் தடிப்பையும் மாற்ற வேண்டாம். சில மூடிகளில் ஷாஃப்ட்டின் இடைவெளியைத் தீர்மானிப்பதே அந்தத் தடிப்புத்தான்.

மருதானையிலிருந்து: கஃபின் கியர் ஷாஃப்ட் சீல் இரண்டு தரம் மாற்றியும் கசிகிறது, அண்ணா.

ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். சீலின் உதடு உரசும் இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் புதுச் சீலை ஒரு மில்லிமீற்றர் முன்னோ பின்னோ தள்ளிப் பொருத்துங்கள், உதடு நல்ல இடத்தில் உட்காரும். ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் சீல் எதுவும் நிற்காது. ஷாஃப்ட் உட்காரும் துளையை லேத்காரரிடம் காட்டிப் புஷ் போட வேண்டும்.

இரண்டும் சரி என்றால் பொருத்திய விதத்தில்தான் பிழை. ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஒயிலைப் பார்க்க வேண்டும். கியர் லீவர் ஏறும் பல்லில் டேப் சுற்றாமல் தள்ளினால் உதடு வெட்டுப்படும். உதட்டில் கிறீஸ் தடவி, விளிம்புக்குச் சரியான சொக்கட்டை வைத்து நேராகத் தட்டுங்கள்.

சீல் வாங்கப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகும்போது பழைய சீலைக் கொண்டு போங்கள். அதன் முகத்தில் 11.6, 24, 10 என்று உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் அச்சிட்டிருக்கும். வாங்கும் முன் உதட்டை வளைத்துப் பாருங்கள். வருடக்கணக்காக அலுமாரியில் கிடந்த சீல் விறைத்துப்போயிருக்கும்.

தெஹிவளையிலிருந்து ஒரு ஐயா: எனது பிஎஸ்ஏ எம் 20 மூன்று வாரம் நின்றால், ஸ்டார்ட் செய்ததும் மூச்சுக் குழாயால் ஒயிலைக் கொட்டுகிறது. நிற்கும்போது ஒரு சொட்டும் இல்லை.

ஐயா, அது பெக்கிங் கசிவு இல்லை. உங்கள் பைக்கில் ஒயில் தனித் தாங்கியில் இருக்கிறது. நிற்கும்போது அது பம்பைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் இறங்கி நிறைகிறது. அதைத் தடுக்கவே பம்புக்குப் பிறகு ஒயில் போகும் வழியில் ஒரு உருண்டையும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. அவற்றைக் கழற்றி, இருக்கையைச் சுத்தம் செய்து, பழைய உருண்டையை வைத்துப் பித்தளைக் கம்பியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டுங்கள். பிறகு அதே அளவில் புது உருண்டையும் ஸ்பிரிங்கும் போடுங்கள். பம்பின் பற்சக்கரங்கள் தேய்ந்திருந்தால் இதனால் குறையுமே தவிர நிற்காது.

ஒயில் குழாயில் டெப் (திறந்து மூடும் வால்வு) பூட்டச் சொல்பவர்கள் உண்டு. ஒரே ஒரு நாள் திறக்க மறந்தால் எஞ்சின் இறுகிவிடும். டெப் மூடியிருந்தால் மக்னீற்றோ நெருப்பை வெட்டும் சுவிட்ச் இல்லாமல் அதைப் பூட்ட வேண்டாம். நீண்ட நாள் நின்ற பைக்கை ஸ்டார்ட் செய்ய முன் கிராங்க் கேஸிலிருந்து ஒயிலை வடித்துத் தாங்கியை நிரப்புங்கள். ஓடத் தொடங்கியதும் தாங்கி மூடியைத் திறந்து, ஒயில் திரும்பி வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். இந்த எஞ்சினின் போல்ட்டுகளுக்கு மில்லிமீற்றர் ஸ்பனர் போட்டால் தலை உருளும். விட்வேர்த் (பழைய ஆங்கிலேய அங்குல அளவு) ஸ்பனர் தேவை.

பம்பலப்பிட்டியிலிருந்து: முன் ஃபோர்க் சீல் மாற்றி மாதம் ஆகவில்லை, மறுபடி ஒயில்.

கடற்கரைப் பக்கம் நிறுத்தும் பைக்கில் உப்புக் காற்று குரோமைத் தின்னும், தங்கச்சி. குழாயில் ஊசிமுனைப் பள்ளம் இருந்தால் அது சீலை வெட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு பள்ளம் என்றால் எபொக்சி நிரப்பி வழுவழுப்பாகத் தேய்க்கலாம். நிறைய இருந்தால் குழாயைத் திரும்ப ஹார்ட் குரோம் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். முன் டிரம் பிரேக்கில் ஒயில் பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பட்டிருந்தால் பிரேக் ஷூவை மாற்றுங்கள்.

வத்தளையிலிருந்து: வடிகால் போல்ட்டின் செம்பு வொஷரைத் திரும்பப் போடலாமா?

போடலாம். சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகும். அலுமினிய வொஷரை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக மாற்றுங்கள். போல்ட் முடிவில்லாமல் சுற்றினால் திறெட் போய்விட்டது. டேப் சுற்றிச் சமாளிக்காமல் ஹெலிகொயில் (துளைக்குள் புதுத் திறெட்டாகப் பூட்டும் கம்பிச் சுருள்) போடுங்கள்.