கச்சான் காற்றில் கோல்ஃப் பந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குமரி மாவட்டத்தில் கோல்ஃப் ஆட ஆள் இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். இருக்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்த்தபோது பழகிவிட்டு ஊர் திரும்பியவர்கள், விடுமுறை நாளில் திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள 9 குழித் திடலுக்குப் போய்வருகிறவர்கள், வீட்டு விளையில் வலை கட்டி அடித்துப் பார்க்கிறவர்கள். வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி, பந்து நினைத்த இடத்துக்குப் போகவில்லை என்பதுதான். பதில்களை வலக்கைக்காரர்களுக்காக எழுதியிருக்கிறேன், இடக்கைக்காரர்கள் வலம் இடத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, டிரைவரை (தூரமாக அடிக்கும் பெரிய தலைக் கோல்) எடுத்தாலே பந்து வலப்பக்கம் வளைந்து ஓடிவிடுகிறது. அதற்காக இடப்பக்கம் குறி பார்த்து நின்றேன், இன்னும் கூடுதலாக வளைகிறது. (வடசேரி)

இடப்பக்கம் திரும்பி நிற்பதால்தான் கூடுதலாக வளைகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது புரிந்தால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தில் படும் அந்த நொடியில் கிளப்பின் (அடிக்கும் கோலின்) முகம், அதாவது பந்தில் படும் பக்கம், எங்கே பார்க்கிறது என்பதுதான். டிரைவரில் அதன் பங்கு சுமார் 85 சதவீதம், இரும்புத் தலைக் கோலான அயர்னில் சுமார் 75. மீதி, கிளப் வரும் பாதையால். வளைவு வருவது முகத்துக்கும் பாதைக்கும் நடுவே இருக்கும் கோணத்தால். பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும், மூடியிருந்தால் இடப்பக்கம். நீங்கள் இடப்பக்கம் திரும்பி நிற்கும்போது கிளப் வரும் பாதையும் இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறது, ஆனால் பந்தை இலக்குக்கு அனுப்பும் ஆசையில் கை முகத்தை வலப்பக்கமே வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோணம் அகலமாகிறது, வளைவும் கூடுகிறது. பந்து, பாதை வழியே கிளம்பி முகம் பார்க்கும் இடத்தில் போய் விழும் என்றுதான் முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ராடார் கருவிகளை வைத்து அளந்தபோது அது தவறு என்று தெரிந்தது, அதை மனதிலிருந்து கழற்ற எனக்கு நாள் பிடித்தது.

அதனால் பந்து எங்கே விழுந்தது என்று ஓடிப்போய்ப் பார்ப்பதை ஒரு வாரம் நிறுத்துங்கள். முதல் பத்து இருபது மீட்டரில் எந்தப் பக்கம் கிளம்பியது என்று மட்டும் குறித்து வையுங்கள். கிளம்பும்போதே வலப்பக்கம் போனால் குறை முகத்தில். இடப்பக்கம் கிளம்பி, பிறகு வலப்பக்கம் திரும்பினால் முதல் குறை பாதையில்.

முகம் திறப்பதற்கு முக்கால்வாசி நேரம் பிடிதான் காரணம். இடது கையால் கிளப்பைப் பிடித்துவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். விரல் முட்டுகள் குறைந்தது இரண்டு, முடிந்தால் இரண்டரை தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையை வலப்பக்கமாகச் சற்றே உருட்டிப் பிடியுங்கள். முதல் நாள் ரொம்ப அசௌகரியமாக இருக்கும், விடாதீர்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். டிரைவர் முகத்தில் முகப்பவுடரைத் தூவிவிட்டு அடியுங்கள், பந்து பட்ட இடம் தெளிவாகத் தெரியும். தண்டுக்குப் பக்கத்தில், குதிகால் பகுதியில் பட்டால், ஸ்விங் (கோல் வீச்சு) சரியாக இருந்தாலும் பந்துக்கு வலப்பக்கச் சுழற்சி ஏறிவிடும். அப்படியானால் பிடியைத் தொடவே வேண்டாம், பந்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நின்று பாருங்கள்.

எங்கள் நிலம் ஆரல்வாய்மொழிப் பக்கம். ஆனி ஆடியில் எதிர்காற்றில் அடித்தால் பந்து மேலே ஏறி அப்படியே நின்று விழுகிறது. வேகமாக அடித்தும் பயனில்லை. (தோவாளை)

முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று அடிக்கிறீர்கள், கணவாய் வழியாகக் கச்சான் காற்று பாய்ந்து வருகிற இடம் அது. அந்தக் காற்றோடு வேகத்தில் மல்லுக்கட்டினால் காற்றுதான் ஜெயிக்கும்.

அடிபட்ட பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகிறது, அந்தச் சுழற்சிதான் அதை மேலே தூக்குகிறது. எவ்வளவு வேகமாக அடிக்கிறீர்களோ அவ்வளவு சுழற்சி. எதிர்காற்று வீசும்போது பந்தைக் கடக்கும் காற்றின் வேகம் கூடுவதால் தூக்கலும் கூடும், இழுப்பும் கூடும். எதிர்காற்றில் பட்டம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். ஆகையால் 7 அயர்னில் அடிக்கும் தூரத்துக்கு 5 அயர்னை எடுங்கள் (எண் குறையக் குறையப் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும்). பிடியில் இரண்டு விரல்கடை கீழே இறக்கிப் பிடியுங்கள். பந்தை வழக்கமான இடத்திலிருந்து ஒரு பந்து அளவு வலது காலை நோக்கி வையுங்கள். முக்கால் ஸ்விங் போதும், அடித்த பிறகு கைகள் நெஞ்சு உயரத்தில் நின்றுவிடட்டும். மெதுவாக அடிப்பது போல இருக்கும், பந்து தாழ்வாகக் கிளம்பிக் காற்றைத் துளைத்துப் போகும்.

எதிர்காற்று பிடுங்குகிற அளவு தூரத்தைப் பின்காற்று திருப்பித் தராது. இதை நினைவில் வைத்துக் கணக்குப் போடுங்கள். பின்காற்றில் பந்து தட்டையாக விழுந்து உருண்டு ஓடும், அதனால் இலக்குக்கு முன்பாகவே விழ வையுங்கள். அப்புறம், எதிர்காற்று வளைவையும் பெரிதாக்கிக் காட்டும். அமைதியான நாளில் 5 மீட்டர் விலகுகிற பந்து ஆடி மாதத்தில் அதைவிட நிறைய விலகும். உங்கள் ஸ்விங் கெட்டுவிட்டது என்று பயந்து எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள்.

பழைய மீன்வலை நிறைய கிடைக்கிறது. அதைக் கட்டிப் பயிற்சி செய்யலாமா? (குளச்சல்)

தாராளமாக. ஆனால் எந்த வலை என்பது முக்கியம். கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர், அதற்குக் கீழே விதி அனுமதிக்காது. பெரிய கண்ணியுள்ள வலையில் பந்து நேரே தாண்டிப் போய்விடும். கரைமடி வலையில் மீன் வந்து சேருகிற மடிப் பகுதி கிடைத்தால் அதுதான் சரி, கண்ணி சிறியது, நூலும் கனம். இரண்டு மடிப்பாகத் தொங்க விடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் பந்து திரும்பி உங்கள் மேலேயே வரும், தளர்வாக இருக்க வேண்டும். வலைக்குப் பின்னால் சுவர் இருந்தால் குறைந்தது இரண்டு முழம் இடைவெளி விடுங்கள். நீங்கள் 3 மீட்டர் தள்ளி நில்லுங்கள். வெயிலில் கிடந்த நைலான் சீக்கிரம் இற்றுப்போகும், மாதம் ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் கொஞ்சமும் அசட்டை வேண்டாம்.

வலையில் வளைவு தெரியாது என்று சிலர் குறைப்படுகிறார்கள். அது நல்லதுக்குத்தான் என்பேன். வலையின் நடுவே ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். பந்து துணிக்கு எந்தப் பக்கம் படுகிறது என்பது மட்டும்தான் கண்ணில் படும். வடசேரிக்காரருக்குச் சொன்ன கிளம்பும் திசைப் பாடத்தை இதைவிட நன்றாகச் சொல்லித்தர எந்தத் திடலாலும் முடியாது.

பதினைந்து வருடம் கிரிக்கெட் ஆடினேன். கோல்ஃபில் எல்லாப் பந்தும் இடப்பக்கம் மடங்குகிறது. (மார்த்தாண்டம்)

கீழ்க்கைதான். மட்டையைச் சுழற்றிப் பழகிய வலது கை, பந்தைத் தொடும் முன்பே முகத்தை மூடிவிடுகிறது, உடம்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. வலது உள்ளங்கை தண்டுக்கு அடியில் போகாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். இடது கையால் மட்டும் வெட்ஜைப் (கிட்டத் தூரத்துக்கு உயர்த்தி அடிக்கும் கோல்) பிடித்து முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன அடிகளாக, தினமும் ஐம்பது. அடித்து முடிக்கும்போது உங்கள் தொப்புள் இலக்கைப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் தந்த கண்ணும் கையும் உங்களிடம் இருக்கிறது, இரண்டு மாதத்தில் சரியாகும்.

மழை பெய்து ஓய்ந்த பிறகு 8 அயர்ன் திடீரென்று தூரம் போகிறது, விழுந்தும் நிற்பதில்லை. (குலசேகரம்)

ஈரப் புல் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புகுந்து சுழற்சியைக் கெடுக்கிறது. சுழற்சி குறைந்த பந்து விழுந்தும் ஓடும். ஒரு கிளப் குறைத்து 9 அயர்ன் எடுங்கள், முகத்தின் வரிகளை ஒவ்வோர் அடிக்கும் துடையுங்கள். நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம், அதனால் பையில் ஒரு துண்டு எப்போதும் இருக்கட்டும்.

46 வயதில் ஆரம்பித்தேன். டிரைவர் பந்து எழும்பவே மாட்டேன் என்கிறது, கணவர் வைத்திருந்த 9 டிகிரி கிளப். பெண்களுக்கு இது ஒத்துவராதோ? (குழித்துறை)

அம்மா, கிளப்தான் உங்களுக்கு ஒத்துவரவில்லை. 9 டிகிரி என்பது முகத்தின் சாய்வு, அது வேகமான ஸ்விங்குக்கு ஆனது. மிதமான வேகத்துக்கு 12 டிகிரி, அல்லது டிரைவரைவிடச் சிறிய, முகம் கூடுதலாகச் சாய்ந்த 5 வுட் எடுத்தால் பந்து எழும்பும், தூரமும் கூடும். டிரைவரில் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து, பாதிப் பந்து கிளப்புக்கு மேலே தெரிகிற உயரத்தில் டீயை (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) குத்துங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம் வரை வந்த இந்திய கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக், நீளமாக அடிப்பதால் பேர் வாங்கியவர் இல்லை. நேராக அடிப்பதும், குழிக்குப் பக்கத்தில் கை தடுமாறாமல் ஆடுவதும்தான் அவருடைய பலம்.

காலேஜில் படிக்கிறேன். ஒரு பழைய 7 அயர்ன் மட்டும் இருக்கிறது, சொல்லித்தர ஆள் இல்லை. தென்னந்தோப்பில்தான் பழகுகிறேன். தாழ்வாக, உயரமாக, வளைத்து எல்லாம் அடிக்க முடியுமா? (ராஜாக்கமங்கலம்)

முடியும் மக்களே. ஆனால் தோப்புக்குள் முழு அடி வேண்டவே வேண்டாம், தென்னையில் பட்ட பந்து வேகமாகத் திரும்பி வரும். இடுப்பு உயர ஸ்விங் போதும்.

உங்கள் பக்கத்து மணல் தரை பெரிய வரம். இலக்குக்குக் குறுக்காக மணலில் கம்பால் ஒரு கோடு கிழியுங்கள். பந்து இல்லாமல் கோட்டின் மேல் நின்று வீசுங்கள். கிளப் மணலைத் தொடும் இடம் கோட்டிலோ அதைத் தாண்டி இலக்குப் பக்கமோ இருக்க வேண்டும். கோட்டுக்கு முன்பே தொட்டால் உடம்பின் பாரம் இன்னும் வலது காலில் நிற்கிறது என்று அர்த்தம், இடது காலுக்கு மாற்றிவிட்டு அடியுங்கள். இது சரியாகாமல் வளைவு பற்றி யோசிக்காதீர்கள். செம்மண் மேட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.

பத்துக்கு எட்டு தடவை மணல் சரியான இடத்தில் பெயர ஆரம்பித்ததும் கோட்டில் பந்தை வையுங்கள். அதன் பிறகு இடப்பக்கம் வளைக்க, கால்களை இலக்குக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக நிறுத்தி, முகத்தை இலக்குக்கும் கால் கோட்டுக்கும் நடுவே பார்க்க வைத்து அடியுங்கள். வலப்பக்கத்துக்கு இதையே தலைகீழாக. பத்துக்கு எட்டு வந்த அன்றைக்கு எனக்கு எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.