கச்சேரிப் போஸ்டர் சோறு போடுமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். டிசைன் படித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. போன மாதம் ஒரு பயிலரங்கில் முதல்முறையாக ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது ஃபிரேமில் கட்டிய வலைத்துணி வழியே மையைத் தாளில் இறக்கும் அச்சு, செய்தேன். மையைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை இழுத்து ஃபிரேமைத் தூக்கியபோது தாளில் மை ஈரமாகப் பளபளத்தது. அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அறுபதுகளில் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்கிரீன் பிரிண்டில் வந்த ராக் போஸ்டர்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டுக் கச்சேரிகளுக்குப் போஸ்டர் அடித்தே வாழ முடியுமா? அம்மா கூடாது என்கிறார். நான் வரைந்த நாதஸ்வரக் கச்சேரி போஸ்டர் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா சொல்வதில் பாதி சரி. கச்சேரிப் போஸ்டரை மட்டும் நம்பிச் சிங்கப்பூரில் மாதத்தை ஓட்ட முடியாது. இருபது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், இன்றும் என் பட்டறை வாடகையைக் கட்டுவது டீசட்டையும் துணிப்பையும் கல்யாணப் பத்திரிகையும்தான். அதை நான் குறையாக நினைக்கவில்லை. அதே ஃபிரேம், அதே மை. மெல்லிய எழுத்து அடைபடாமல் இழுக்க என் கை பழகியது கல்யாணப் பத்திரிகையில்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு போஸ்டர், 4 நிறம், 100 பிரதி. கெட்டுப்போகிறவற்றுக்காக 115 தாளில் ஆரம்பிப்பேன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், ஒவ்வொரு தாளும் நான்கு தடவை மேசைக்கு வரவேண்டும். ஆக 460 இழுப்பு. அதற்கு முன்னால் ஸ்கிரீனில் வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, காயவைத்து, படம் உள்ள பாசிட்டிவ் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி (எக்ஸ்போஸ் செய்து), வெளிச்சம் படாத இடத்தைக் கழுவித் திறக்கும் வேலை வேறு. இத்தனையும் ஒரே ஒரு மாலைக் கச்சேரிக்காக. அதனால் கட்டணத்தோடு சேர்த்து, உங்கள் பங்காகச் சில பிரதிகளை நீங்களே விற்றுக்கொள்ளும் உரிமையையும் இசைக்குழுவிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெளிநாட்டில் இது சாதாரண வழக்கம். இங்கேயும் கேட்டால் தருகிறார்கள்.

இன்னொன்று. தமிழில் இதைச் சுவரொட்டி என்கிறோம், ஆனால் இங்கே சுவரில் ஒட்ட முடியாது. அனுமதி இல்லாமல் பொதுச் சுவரில் போஸ்டர் ஒட்டுவது 1966இல் வந்த சட்டப்படி குற்றம். சென்னையில் போஸ்டர் கச்சேரிக்கு ஆள் கூட்டும். இங்கே அந்த வேலையைக் கைப்பேசி செய்துவிடுகிறது. நம் போஸ்டரை ஜனங்கள் வாங்குவது கச்சேரி முடிந்து வெளியே வரும்போது. காதில் பாட்டு ஓய்ந்திருக்காத அந்தப் பத்து நிமிடத்தில், இப்போது கேட்டது இந்தத் தாளில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இடமும் தேதியும் மட்டும் இருந்தால் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால்தான் கலைஞரின் ஒத்திகைக்கு ஒருமுறையாவது போய் உட்காராமல் நான் பென்சிலைத் தொடுவதில்லை.

நீங்கள் சொன்ன சான் பிரான்சிஸ்கோ போஸ்டர்களில் ஒரு சின்னத் திருத்தம். அவற்றில் பெரும்பாலானவை ஸ்கிரீனில் அல்ல, ஆஃப்செட் என்ற இயந்திர அச்சில் அடித்தவை. ஆனாலும் நன்றாகப் பாருங்கள், குறிப்பாக அவற்றை வரைந்தவர்களில் ஒருவரான விக்டர் மாஸ்கோசோவை. அவர் யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் நிறம் படித்தவர். ஒரே அழுத்தமுள்ள எதிர் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணை அதிரவைப்பார். ஸ்கிரீன் பிரிண்டில் ராக் போஸ்டருக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டெக்சஸின் ஆஸ்டினில் இருந்த ஃபிராங்க் கோசிக். எண்பதுகளில் ஜெராக்ஸ் நோட்டீஸில் தொடங்கி ஸ்கிரீனுக்கு வந்தவர். 2002இல் கச்சேரிப் போஸ்டர் கலைஞர்களுக்கென்றே ஃபிளாட்ஸ்டாக் என்ற கண்காட்சி தொடங்கியது. நம் ஊரில் அச்சை நேரில் பார்க்க ராபர்ட்சன் கீயில் எஸ்டிபிஐ என்ற அச்சுக்கலைக்கூடம் இருக்கிறது. அங்கே தாளுக்குப் பக்கத்தில் போய், ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறும் ஓரத்தைப் பாருங்கள்.

இனி இங்கத்திய காற்று. ஈரத்தில் தாள் விரியும். முதல் நிறத்தை அடித்துவிட்டு இரவு ஏர்கானை நிறுத்திவிட்டுப் போனால், காலையில் இரண்டாவது நிறம் அதன் இடத்தில் உட்காராது. நான் தாளை இரண்டு நாள் முன்பே பட்டறையில் பிரித்து வைத்துவிடுவேன். கடைசி நிறம் முடியும்வரை குளிரூட்டி ஓடும். எமல்ஷன் பூசிய ஸ்கிரீனும் அப்படித்தான், சரியாகக் காயாவிட்டால் கழுவும்போதே உரிந்து வந்துவிடும்.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது தமிழ் எழுத்தைப் பற்றி. பல வருடம் முன்பு ஒரு பாடகிக்குப் போஸ்டர் அடித்தேன். எக்ஸ்போஷர் கொஞ்சம் கூடிப்போய், ஸ்கிரீனில் சின்னப் புள்ளிகள் திறக்கவே இல்லை. நான் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத்தைப் படிக்கவில்லை. 80 தாளும் காய்ந்து அடுக்கிய பிறகுதான் தெரிந்தது, 'வாய்ப்பாட்டு' என்ற இடத்தில் 'வாயபபாடடு' என்று இருந்தது. கச்சேரி மறுநாள். இரவெல்லாம் உட்கார்ந்து பேனாவால் ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். அன்றிலிருந்து எந்த ஃபான்ட் தந்தாலும் புள்ளியை நானே வரைந்துகொள்கிறேன். கணினி ஃபான்டுகளில் பல திரைக்காகச் செய்தவை. அவற்றின் புள்ளியும் 'ழ', 'ஞ' சுழிகளும் மையைத் தாங்காது, ஒன்று விழுந்துவிடும், இல்லை அடைத்துக்கொள்ளும். தமிழைக் கையால் வரைந்து அச்சுக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு. அந்த இடத்துக்கு நீங்கள் வரவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

வேலையை இப்போது விடவேண்டாம். ஒரு வருடம் சனி ஞாயிறுகளில் ஆறு போஸ்டர் அடியுங்கள். பெரிய பாடகரின் படத்தைக் கேட்காமல் எடுத்துப் போடாதீர்கள், தெரிந்த இளம் கலைஞர்களிடம் போங்கள். தண்ணீர் மையே போதும், வாடை குறைவு, வீட்டிலேயே கழுவலாம். அம்மாவை முதல் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய், விற்கும் மேசையில் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

அப்புறம் உங்கள் நாதஸ்வரம். அதன் அகன்ற வாயான அணைசு தாளின் ஓரத்தைத் தாண்டிப் போவது எனக்கு ரொம்பப் பிடித்தது, சத்தம் வெளியே வருவது போலவே இருக்கிறது. ஆனால் ஐந்து நிறம் வேண்டாம். மஞ்சளின் மேல் ஊடுருவித் தெரியும் நீலத்தை இழுத்தால் பச்சை தானாகவே வரும், ஒரு ஸ்கிரீன் மிச்சம். கறுப்பைக் கடைசியில் அடியுங்கள். ஸ், ம் இரண்டின் மேலுள்ள புள்ளியையும் இப்போது இருப்பதைப்போல இரண்டு மடங்காக்கி மறுபடி அனுப்புங்கள்.