கப்பல் சுற்றுலாவில் மூன்று வேளையும் பஃபே, எங்கும் கூட்டம். வயிறு கெடாமல் ஊர் திரும்ப என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் பாளையங்கோட்டைக்காரர். அப்பா, அம்மா, எண்பதை நெருங்கும் ஆச்சி, பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் என்று குடும்பத்தோடு சென்னைக்குப் போய் உல்லாசக் கப்பல் ஏறப் போகிறார்கள். கப்பலில் வாந்திபேதி பரவிய செய்திகளைப் படித்துவிட்டு, ஆச்சியை நம்பி அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக அழைத்துப் போங்கள். ஃப்ளோரிடா துறைமுகங்களிலிருந்து கிளம்பும் ஒரு பெரிய கப்பலில் பஃபே பகுதியில் வேலை பார்த்தவன் நான். இப்போது ஊரோடு வந்து கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். கப்பல் சமையற்கட்டும் தெரியும், நம் ஊர் மண்டபங்களின் சமையற்கட்டும் தெரியும். சுத்தம் என்று வந்தால் என் ஓட்டு கப்பலுக்குத்தான். நம் ஊர்ச் சமையல்காரத் தவசுப்பிள்ளைகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அங்கே பயப்பட வேண்டியது சோற்றுக்கோ குழம்புக்கோ அல்ல, கரண்டியின் பிடிக்கு.

நம் பந்தியை நினைத்துப் பாருங்கள். மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் குழம்பான சொதியின் வாளியும் கரண்டியும் பரிமாறுகிறவர் கையில் இருக்கும். சாப்பிடுகிறவர் கை அவரவர் இலையைத் தாண்டாது. பஃபேயில் இது தலைகீழ். காலைப் பலகாரத்துக்கு வரும் அத்தனை பேரும் அதே கரண்டியைப் பிடிக்கிறார்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு வந்தவரும் அதில் அடக்கம். வெள்ளைக்காரர் அந்தக் கையால் முள்கரண்டியை எடுக்கிறார். நாமோ இடது கையில் தட்டை ஏந்தி, வலது கையால் கரண்டியைப் பிடித்து, பிறகு அதே வலது கையால் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கிறோம். கையால் சாப்பிடுகிற நமக்கு அதனால் ஒரு வேலை கூடுதல்.

பஃபே வாசலிலேயே எல்லோரையும் கை கழுவச் சொல்லுவார்கள். அது உங்களிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற. உங்களைக் காப்பாற்ற, வேண்டியதையெல்லாம் தட்டில் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு முறை எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். தட்டுகளுக்கு ஒருவர் காவல் இருக்கட்டும், மற்றவர்கள் மாறி மாறிப் போய் வரலாம். இரண்டாம் முறை எடுக்கப் போனால் மறுபடியும் கழுவ வேண்டும். அலுப்பாக இருக்கிறதென்றால் ஸ்பூனால் சாப்பிடுங்கள். ஆச்சிக்கு ஸ்பூன் பழக்கமில்லை என்றால், அவருக்கு நீங்களே எடுத்து வந்து வைத்துவிடுங்கள். அவர் கை பொதுக் கரண்டியைத் தொடவே வேண்டியதில்லை.

கை ஜெல் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 2020-இல் கொரோனா வந்தபோது ஜெல் நமக்குப் பழகிப்போனது. அந்தக் கிருமிக்கு அது வேலையும் செய்தது. கொரோனா கிருமிக்குக் கொழுப்பால் ஆன மேலுறை உண்டு, ஆல்கஹால் பட்டால் அது சிதைந்துவிடும். கப்பலில் வாந்திபேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. ஆல்கஹால் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் தேய்ப்பும் சேர்ந்து அதைக் கையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோகும். 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். கட்டைவிரலும் நகக்கண்ணும்தான் பெரும்பாலும் விட்டுப்போகிற இடங்கள். ஜெல்லைத் தடவிக்கொண்டு, வேலை முடிந்தது என்று கையை உதறிக்கொண்டே வரிசையில் நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

இந்த நோரோவைரஸுக்குப் பெயர் வந்தது அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரிலிருந்து. 1968-இல் அங்கே ஒரு பள்ளியில் பரவிய வாந்திபேதியை வைத்துத்தான் பின்னால் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே இது கப்பலில் பிறந்த நோய் அல்ல. பள்ளிக்கூடம், மருத்துவமனை, முதியோர் இல்லம், உணவகம் என்று மனிதர் கூடும் எல்லா இடத்திலும் வரும். அமெரிக்காவில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு சுமார் 1 சதவீதம்தான். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுப் பயணக் கப்பலில் பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு இந்தத் தொல்லை வந்துவிட்டால், அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. அதைப் பொதுவில் வெளியிட்டுவிடும். செய்தி நமக்கு வந்து சேர்வது அப்படித்தான். கல்யாண வீட்டில் ஐம்பது பேருக்கு வயிறு கெட்டால் யார் வெளியிடுகிறார்கள்?

அதே மையத்தின் ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலில் ஏறுவார். குழம்பில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்ப்பார். சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சூடோ குளிரோ காக்காமல் நேரத்தை மட்டும் கணக்கு வைத்துப் பரப்பும் பண்டமானால், நான்கு மணி நேரத்தில் குப்பைக்குப் போக வேண்டும். நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் கப்பல் தோல்வி. அன்றைக்கு எங்கள் மேலாளர்களின் முகத்தில் ஈயாடாது. சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போய்வரும் கப்பலுக்கு இந்த அமெரிக்க ஆய்வு கிடையாது. ஏறிய முதல் வேளையிலேயே நீங்கள்தான் நோட்டம் விட வேண்டும். வாசலில் கை கழுவும் தொட்டியும் சோப்பும் இருக்கின்றனவா? பரப்பியிருக்கும் உணவுக்கு மேல் கண்ணாடித் தடுப்பு உண்டா? சூடாக இருக்க வேண்டியதில் ஆவி பறக்கிறதா? காலியான ட்ரேயை எடுத்துவிட்டுப் புது ட்ரே வைக்கிறார்களா, பழையதன் மேலேயே கொட்டுகிறார்களா? கொட்டினால் அந்த வேளை பஃபே வேண்டாம்.

பெரும்பாலான கப்பல்களில் உட்காரவைத்துப் பரிமாறும் சாப்பாட்டுக் கூடமும் இருக்கும்; டிக்கெட்டிலேயே அதுவும் சேர்ந்திருக்கும். பலர் அந்தப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு அதுதான் என் முதல் சிபாரிசு. பஃபேதான் என்றால் திறந்த உடனே போங்கள். ட்ரே புதிது, கரண்டி புதிது, கூட்டமும் குறைவு. வேகவைக்காத சிப்பி இருந்தால் தொடாதீர்கள். அதிலும் நோரோவைரஸ் இருக்கலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்றாலும், பிள்ளைகள் வீடியோ பார்த்துவிட்டு ஆசைப்படக்கூடும்.

நம் ஆட்களிடம் நான் அங்கே கண்ட ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியம்மா, "ஐயா, நீ எந்த ஊர்?" என்று கேட்டார். திருநெல்வேலி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த கையோடு கைப்பையைத் திறந்து, எவர்சில்வர் டப்பா ஒன்றில் வெள்ளைச் சோற்றை அமுக்கி அமுக்கி நிரப்பினார். மேலே இரண்டு கரண்டி பருப்பு. எதற்கு என்றால், "ராத்திரி தாத்தாவுக்குப் பசிக்கும்" என்றார். "ஆச்சி, பசித்தால் எந்த நேரமானாலும் சூடாகத் தருவார்கள். இதை வைத்திருக்காதீர்கள்" என்று சொல்லி டப்பாவை வாங்கிக் கழுவிக் கொடுத்தேன்.

அவர் மனம் கோணியிருக்கலாம். ஆனால் வெந்த சோறு ஆறிய நிலையில் மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதில் பெருகும். அரிசியோடு வரும் அதன் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. அது உண்டாக்கும் ஒரு நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வீட்டில் நாம் தண்ணீர் ஊற்றிப் பழையது ஆக்குவது வேறு கதை. டப்பாவுக்குள் அமுக்கிய சோறு அப்படிப் புளிப்பதில்லை. இட்லியை டிஷ்யூவில் சுற்றி அறைக்குக் கொண்டுபோவதற்கும், தேங்காய்ச் சட்னியைக் கப்பில் எடுத்து வைப்பதற்கும் இதே பதில்தான். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்றும் நினைக்க வேண்டாம். வீட்டில் சமைத்ததைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்ற விடுவதில்லை.

தண்ணீர்க் குழாயில் இன்னொன்று. பாட்டிலின் வாயைக் குழாய் மூக்கோடு ஒட்டவைத்துப் பிடிப்பார்கள், சிந்தாமல் இருக்கவாம். வாய் வைத்துக் குடித்த பாட்டில் அது. அடுத்தவர் தண்ணீர் அந்த மூக்கிலிருந்துதான் விழ வேண்டும். அங்கே டம்ளரில் பிடித்து, பிறகு பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் கைபேசி. ஒவ்வொரு ட்ரேயையும் படம் எடுத்துக்கொண்டே வரிசையில் நகர்கிறார்கள். கரண்டி, கைபேசி, கரண்டி, கைபேசி. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, முதல் காரியமாகக் கைபேசியை எடுக்கிறார்கள்! சாப்பிட்டு முடிக்கும்வரை அது பையிலேயே கிடக்கட்டும்.

கூட்டத்துக்கு வருவோம். ஆனித் தேரோட்டத்தில் ரத வீதிக் கூட்டத்தில் நின்று பழகியவர்களுக்குக் கப்பல் கூட்டம் பெரிதாகவே தெரியாது. ஆனால் ரத வீதிக்கு மேலே வானம் இருக்கிறது. கப்பலின் அரங்கும் லிஃப்டும் அடைத்த இடங்கள். சளியும் காய்ச்சலும் பரவ அதுவே போதும். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. ஆச்சிக்கும் அப்பா அம்மாவுக்கும் ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். போட்டு இரண்டு வாரமாவது ஆனால்தான் அது பலன் தரும். அரங்கிலும் லிஃப்டிலும் பெரியவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். காற்று வேண்டுமென்றால் திறந்த மேல்தளம் இருக்கவே இருக்கிறது. வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டாம் என்று வயதானவர்களுக்கும் நுரையீரல் தொந்தரவு உள்ளவர்களுக்கும் சொல்வேன். சரியாகப் பராமரிக்காத தொட்டியின் ஆவியில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம், அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

ஒன்றை மட்டும் தலைகீழாகப் புரிந்துகொள்ளாதீர்கள். கிருமிக்குப் பயந்து படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிக்காமல் நடக்கிறார்கள். கப்பல் ஆடும்போது ஆச்சி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அது எந்த வாந்திபேதியையும்விடப் பெரிய துன்பம். கைப்பிடியை இறுகப் பிடிக்கட்டும், பிறகு கையைக் கழுவட்டும்.

யாராவது கண்ணெதிரே வாந்தி எடுத்தால் அங்கே நிற்காதீர்கள். உதவி செய்கிறேன் என்று டிஷ்யூவோடு குனியவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் பறக்கும். நூறுக்கும் குறைவான கிருமிகளே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். ஊழியரிடம் சொல்லுங்கள். கயிறு கட்டி, கையுறை மாட்டி, அதற்கான மருந்தோடு துடைப்பது எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை.

உங்கள் வீட்டில் ஒருவருக்கே வந்தால்? வெறும் தலைசுற்றலும் வாந்தியும் கப்பல் ஆட்டத்தால் இருக்கலாம். கூடவே பேதி, காய்ச்சல், உடம்புவலி என்றால் கப்பல் மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள். அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வந்துவிட்டு அறைக்குள் கிடப்பதா என்று பலர் இதை மறைக்கிறார்கள். மறைத்துக்கொண்டு பஃபேக்கு வந்து அந்தக் கரண்டியைப் பிடிக்கிறவர்கள் அவர்கள்தான். பாதிப்பு கூடிவிட்டால் கப்பலில் செய்கிற முதல் காரியம், பயணிகள் கையிலிருந்து கரண்டியை வாங்கிவிடுவது. நாங்களே நின்று பரிமாறுவோம், ஏறக்குறைய நம் பந்தி மாதிரி.

வந்த நோய் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் தானாக அடங்கும். அதுவரை உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்க்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடிப் பொட்டலம் கையோடு கொண்டுபோங்கள். அட்டையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து மடக்கு மடக்காகக் கொடுங்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த இந்தத் தண்ணீரை வைத்துத்தான் உயிர்களைக் காப்பாற்றினார். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பேதி வந்தால் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று புறப்படும் முன்பே தங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அந்த மாத்திரைகள் கைப்பையில் இருக்க வேண்டும். ஒப்படைத்த பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும்.

கிருமி உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் நோய் காட்டும். கப்பலின் கடைசி விருந்தில் தொற்றியது நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்த பிறகோ, வீட்டுக்கு வந்த மறுநாளோ தொடங்கலாம். அப்படியானால் அவர் நோய் நின்று இரண்டு நாள் ஆகும்வரை அடுக்களைக்குள் வர வேண்டாம். என் ஆட்களில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். காய்கறி நறுக்கக்கூட விடுவதில்லை. குணமான பிறகும் இரண்டு வாரம்போல மலத்தில் கிருமி வந்துகொண்டிருக்கும், ஆகவே கழிப்பறைக்குப் பின் சோப்பு தவறக் கூடாது. கழிப்பறையையும் கதவுப் பிடிகளையும் குளோரின் ப்ளீச்சால் துடையுங்கள். வீட்டில் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.