கோதுமை மகசூலைக் கூட்ட உரம் போதாதா, கலப்பு எதற்கு?

உரத்தைக் கூட்டினாலே மகசூல் கூடிவிடும் என்றால் ரகங்களைக் கலப்பது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய நெட்டை ரகங்களுக்குத் தழைச்சத்தை (நைட்ரஜன்) அதிகம் இட்டால், பயிர் மேலும் உயர்ந்து, மணி முற்றும் தருணத்தில் கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். தாளைக் குட்டையாக்கும் மரபணுக்கள், ஜப்பானில் 1935இல் வெளியான நோரின் 10 ரகத்தில் இருந்தன. அதை அமெரிக்காவில் ஆர்வில் வோகல் என்ற கோதுமை விஞ்ஞானி பிரெவர் என்ற ரகத்துடன் கலந்தார். அந்த விதைகளைப் பெற்ற, மெக்சிகோவில் பணியாற்றிய வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக், பூஞ்சையால் வரும் துரு நோயைத் தாங்கும் மெக்சிகோ ரகங்களுடன் சேர்த்து, 1962இல் குட்டை ரகங்களை வெளியிட்டார். இவற்றில் சாய்வு குறைந்ததோடு, பயிர் தயாரிக்கும் உணவில் கூடுதல் பங்கு வைக்கோலுக்குப் போகாமல் மணிக்குச் சேர்ந்தது.

கோதுமை தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பதால், தாய்ச் செடியின் ஒவ்வொரு பூவிலும் உள்ள மூன்று மகரந்தப் பைகளை, அவை வெடிக்கும் முன்பே இடுக்கியால் நீக்கி, கதிருக்கு உறையிட்டு, சில நாட்களில் மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவுவார்கள். முதல் தலைமுறை ஒரே சீராக இருக்கும். இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரியும். அதன்பின் பல தலைமுறைகள் பெரும்பாலான செடிகளைக் கழித்து, தேறியவற்றை மட்டும் விதைக்கும் அந்தக் கட்டமே எல்லாவற்றிலும் கடினமானது என்பது என் கருத்து. போர்லாக் ஆண்டுக்கு இரு பருவம், மெக்சிகோவின் சோனோராவிலும் தொலூக்காவிலும் மாறி மாறி விதைத்து, அந்தக் கட்டத்துக்கு ஆகும் காலத்தைப் பாதியாகக் குறைத்தார்.