எலும்பு தெரியும் காயத்துக்குத் தொடைத் தோல் போதாதா, கெண்டைக்கால் சதை எதற்கு?

கேள்வி: பைக் விபத்தில் அப்பாவுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்து, தோல் பிய்ந்து எலும்பு வெளியே தெரிகிறது. வெளிப்பக்கமாகக் கம்பி பூட்டியிருக்கிறார்கள். இப்போது கெண்டைக்கால் சதையைத் திருப்பி வைத்து மூட வேண்டும் என்கிறார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால் போதாதா? நல்ல சதையை எடுத்துவிட்டால் பிறகு நடக்க முடியுமா? அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை, பீடிப் பழக்கம் உண்டு.

பதில்:

போதாது. அந்த இடத்தில் வெறும் தோல் பிடிக்காது. நான் ஓர் அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் டாக்டராக இருக்கிறேன். இதே கேள்வியை வாராவாரம் யாராவது ஒரு மகனோ மகளோ வார்டு வாசலில் நின்று கேட்கிறார்கள், ரவுண்ட்ஸ் அவசரத்தில் அவர்களுக்கு அரைகுறைப் பதில்தான் கிடைக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொடையிலிருந்து சீவி எடுக்கும் தோல் அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதற்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. முதல் ஓரிரு நாள் அடியில் ஊறும் நீரை உறிஞ்சியே உயிரோடு இருக்கும், அதற்குள் கீழே உள்ள சதையிலிருந்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதற்குள் வளர்ந்து வந்துவிட வேண்டும். சிவந்த சதை மேல் வைத்தால் வரும். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு மிச்சம் இருந்தால்கூட வரும். அந்தச் சவ்வும் உரிந்துபோய் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கும் எலும்பிலிருந்து எதுவும் வராது. ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தால் ஒட்டிய தோல் கறுத்துப்போய்க் கட்டோடு கையில் வரும். அதைவிட மோசம், மூடாமல் கிடக்கும் எலும்பு உயிரிழந்து சீழ் வைத்தால், முறிவும் சேராது, காய்ச்சலும் நிற்காது, பல மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் டாக்டர்கள் சொல்லும், சதையைத் திருப்பி வைக்கும் முறைக்கு ஃப்ளாப் என்று பெயர், அது வேறு. நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது தோல் ஒட்டு என்றால், தாய்ச்செடியிலிருந்து அறுக்காமலேயே கிளையை வளைத்து மண்ணில் பதியன் போடுவது ஃப்ளாப். சதைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைத் தொடாமல், மற்ற பக்கங்களை மட்டும் விடுவித்து, பக்கத்திலிருக்கும் காயத்தின் மேல் திருப்பி வைக்கிறோம். அந்தச் சதை காயத்திடம் எதையும் கேட்பதில்லை, தன் ரத்தத்தைத் தானே கொண்டுவருகிறது, அடியில் கிடக்கும் எலும்புக்கும் கொடுக்கிறது, ரத்தத்தோடு போகிற ஆன்டிபயாடிக் மருந்தும் அப்போதுதான் அந்த இடத்தைப் போய்ச் சேருகிறது. இந்த உத்தி நம் நாட்டில் மிகப் பழையது. மூக்கு அறுபட்டவருக்கு நெற்றித் தோலைப் புருவத்தின் நடுவில் காம்போடு விட்டு, திருப்பி இறக்கி மூக்கு செய்து கொடுத்ததைப் புனேயில் பார்த்த ஆங்கிலேயர்கள் சொல்லி, 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது.

சரி, ஏன் குறிப்பாகக் கெண்டைக்கால் சதை? முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியில் நேராக எலும்புதான், நடுவில் சதையே இல்லை. பின்பக்கம் மொத்தமும் சதை. மேற்பகுதியில் காயம் என்றால் கெண்டைக்காலின் மேலடுக்குத் தசை, அதிலும் பெரும்பாலும் உட்பக்கப் பாதி. அதற்கு ரத்தம் முழங்காலுக்குப் பின்னாலிருந்து ஒரே முக்கியக் குழாய் வழியாக வருவதால் அச்சு போல அங்கேயே வைத்துக்கொண்டு சுலபமாகத் திருப்ப முடிகிறது. நடுப்பகுதி என்றால் அதற்கு அடியிலிருக்கும் சோலியஸ் தசை. கணுக்காலுக்குப் பக்கத்தில் என்றால்தான் சிரமம், அங்கே திருப்ப ஏற்ற சதை அதிகம் இல்லை, தோலையும் அதன் அடி உறையையும் சேர்த்துச் சுழற்றுவார்கள், அல்லது தொடை, முதுகு என்று தூரத்திலிருந்து சதையை எடுத்து மைக்ரோஸ்கோப் வைத்துக் குழாயோடு குழாய் தைப்பார்கள். உங்கள் அப்பாவுக்குக் காயம் மேலே இருப்பது ஒருவகையில் நல்லது.

ஆபரேஷனில் நடப்பது இதுதான். காலின் உட்பக்கம் நீளமாகக் கீறி, மேல் தசைக்கும் அடித் தசைக்கும் நடுவில் விரலை விட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ரத்தமே இல்லாமல் பிரிந்து வரும். பின்னங்கால் நடுக்கோட்டில் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு நரம்பு ஓடும், அதைக் காப்பாற்றிப் பிரிக்க வேண்டும். கீழ் நுனியில் கொஞ்சம் வெள்ளைத் தசைநாரையும் சேர்த்தே வெட்டுவோம், ஏனென்றால் வெறும் தசையில் தையல் போட்டால் அறுத்துக்கொண்டு வந்துவிடும். தசையின் உட்பக்கம் பளபளவென்று ஓர் உறை இருக்கும், அதில் மட்டும் கத்தியால் மெல்லிய கோடுகள் கீறினால் தசை அகலமாக விரியும், முன்பு எட்டாத மூலைக்கும் எட்டும். அப்புறம் தோலுக்கு அடியில் தாராளமான சுரங்கம் செய்து அதன் வழியே முன்பக்கம் கொண்டுவருவோம். சுரங்கம் இறுக்கமாக இருந்தால் குழாய் நசுங்கும், அதனால் சந்தேகம் வந்தால் தோலைத் திறந்தே விடுவது உத்தமம். கடைசியில் அந்தத் தசையின் மேல்தான் நீங்கள் கேட்ட தொடைத் தோலை ஒட்டுவோம். அங்கே அது பிடிக்கும்.

நடப்பதைப் பற்றிப் பயப்படாதீர்கள். மேல் தசையின் மறு பாதியும் சோலியஸும் பாதத்தை ஊன்றி எழுப்பும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கெண்டைக்கால் கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும், வேகமாக ஓடும்போது வித்தியாசம் இருக்கலாம். எப்போது முழு எடை ஊன்றலாம் என்பதை எலும்பு சேர்வதுதான் தீர்மானிக்கும், அதை எலும்பு டாக்டர் சொல்வார்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன், யோசிக்கிறோம் என்று நாள் கடத்தாதீர்கள். மார்கோ கோடினா என்ற ஸ்லோவேனிய சர்ஜன் 532 பேருக்குச் செய்த சிகிச்சைகளின் முடிவுகள் 1986-ல் வெளிவந்தன. அவர் செய்தவை தூரத்திலிருந்து எடுத்து வைக்கும் வகை, ஆனால் பாடம் ஒன்றுதான்: 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் வைத்த சதை கெட்டுப்போனது 1 சதவீதத்துக்கும் கீழே, அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் செய்தவர்களில் 12 சதவீதம். உங்களுக்கு அந்த நேரம் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, காயத்தை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுச் செய்யலாம், ஆனால் இன்னொரு வாரம் வேண்டாம். சொந்தக்காரர்கள் யாராவது நாட்டு வைத்தியக் கட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னால், எலும்பு வெளியே தெரியும் காயத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள் நீங்கள்தான் பக்கத்தில் இருப்பீர்கள். கால் தலையணை மேல் உயரமாக இருக்க வேண்டும், வைத்த சதையின் மேல் கட்டோ போர்வையோ அழுத்தக் கூடாது. சிவப்பாக இருந்தால் நல்லது. நீலம் பாய்ந்து உப்பினால் ரத்தம் திரும்பிப் போக முடியவில்லை, வெளுத்துச் சில்லென்றானால் ரத்தம் வரவில்லை. இரண்டில் எது தெரிந்தாலும் நள்ளிரவு என்று தயங்காமல் சிஸ்டரை எழுப்புங்கள், ஒரு தையலை அவிழ்த்தாலே சில சமயம் சதை பிழைத்துவிடும். சாப்பாட்டில் முட்டை, மீன், கறியை நிறுத்திவிடாதீர்கள். புண் பழுத்துவிடும் என்று பாட்டிமார் பாசத்தில் சொல்வார்கள், ஆனால் புண் ஆறுவதற்கே அந்தப் புரதம்தான் வேண்டும்.

பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், மொத்தச் சதையும் ஒரே குழாயை நம்பியிருக்கும்போது ஒரு பீடிகூட ஆபத்துதான். எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை என்பதைச் சர்ஜனிடமும் மயக்க டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஆபரேஷனுக்குப் பின் பாத்ரூமுக்குப் போகும்போது யாரும் ரகசியமாக வாங்கிக் கொடுத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.