உங்கள் ஊர்க் கலை அருங்காட்சியகத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வது எப்படி?

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில். இங்கே சிட்டி ஹாலின் இரண்டாம் மாடியில் ஆர்ட் கேலரி இருக்கிறது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தை மாதிரியாக வைத்து 1910-இல் கட்டிய கட்டடம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. காசு கொடுத்துப் போனால் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கத் தோன்றும். இங்கே அந்த அவசரமே வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு அறை, அதில் ஒன்றிரண்டு பொருள், அரை மணி நேரம். எனக்கு இதுதான் ஒத்துவந்தது.

அதற்கு முன்னால் நான் பார்த்த விதமே வேறு. சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிப்பேன், படத்தை ஒரு பார்வை பார்ப்பேன், நகர்ந்துவிடுவேன். மாற்றியது என் அம்மா. உடன்குடிப் பக்கத்துக்காரர், சின்ன வயதில் பனையோலைப் பெட்டி முடைந்தவர். இங்கே வந்திருந்தபோது அழைத்துப்போனேன். ஆங்கிலம் தெரியாததால் குறிப்புப் பக்கமே போகவில்லை. இந்தப் பகுதியின் ஜூலு இனப் பெண்கள் இலாலா ஓலையில் செய்த கூடை ஒன்றின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. இலாலாவும் நம் பனை மாதிரி விசிறி ஓலை மரம்தான். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். "ஏட்டி, இது முடைஞ்சது இல்ல, தச்சது" என்றார். உள்ளே புல்லைத் திரித்து, சுருள் சுருளாக வளைத்து, ஒவ்வொரு சுற்றையும் ஓலைக் கீற்றால் இழுத்துத் தைத்திருந்தது. வேரிலும் மரப்பட்டையிலும் எடுத்த சாயத்தில் பழுப்பும் கறுப்புமாகக் கட்டங்கள். இடையில் ஊசி நுழைய இடமில்லை.

காவலுக்கு நின்ற பெண்மணியிடம் "சாவுபோனா, மா" என்று ஜூலு மொழியில் வணக்கம் சொல்லிக் கேட்டேன். இப்படிப்பட்ட கூடையில் பீர் ஊற்றிவைப்பார்களாம். ஈரம் பட்டதும் ஓலை உப்பி இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும், பிறகு ஒழுகாது. காவலர்களிடம் பேசுங்கள்; நாள் முழுக்க அந்தப் பொருட்களோடு இருப்பவர்கள் அவர்கள்தான்.

ஆகவே முதலில் பொருள், பிறகு குறிப்பு. எதனால் செய்தது, எங்கே தொடங்கி எங்கே முடித்திருக்கிறார்கள் என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டுப் படியுங்கள். கைத்தொழில் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். தையல்காரர், தச்சர், கோலம் போடும் அத்தை, யாராக இருந்தாலும் நமக்குத் தெரியாத ஒன்று அவர்கள் கண்ணில் படும்.

குழந்தைகள் இருந்தால் முதல் மாடியில் இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது, அதுவும் இலவசம். டோடோ பறவையின் எலும்புக்கூட்டைக் காட்டிவிட்டு மேலே இருபது நிமிஷம் போதும். அதற்குமேல் இழுத்தால் அடுத்த தடவை வரமாட்டார்கள்.

காட்சிகளை அவ்வப்போது மாற்றுவார்கள். ஒரு பொருளுக்காகவே போகிறீர்கள் என்றால், அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று முதலில் ஃபோன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.