கூட்டமாகச் சைக்கிள் ஓட்டும்போது ஹெல்மெட்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குழு மெதுவாகத்தான் போகும், 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. விடியற்காலை, வண்டி நடமாட்டமே இல்லாத ரோடு. இதற்கும் ஹெல்மெட் வேண்டுமா சார்?

பதில்: வேண்டும். தலை தரையில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைச் சைக்கிளின் வேகத்தைவிடத் தலை இருக்கும் உயரமே முடிவு செய்கிறது. சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அல்லது அதற்கும் மேலே இருக்கும். அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் கழலாமல் பக்கவாட்டில் சாய்ந்தாலும் இதே கணக்குதான்.

வண்டியே இல்லாத ரோடு என்கிறீர்கள். உங்களைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் இருக்கின்றனவே! முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை உங்கள் முன்சக்கரம் பக்கத்தில் உரசினால், பெரும்பாலும் அவருக்கு ஒரு சின்ன ஆட்டம்தான் தெரியும், விழுவது நீங்கள். சைக்கிள் சாயும் பக்கம் முன்சக்கரத்தைத் திருப்பித்தான் நாம் சமநிலையை மீட்கிறோம். அந்தச் சக்கரம் இன்னொரு டயரில் சிக்கி நிற்கும்போது திருப்ப வழியில்லை. உங்களுக்குப் பின்னால் ஒரு மீட்டர் இடைவெளியில் வருபவர், 20 கிலோமீட்டர் வேகத்தில், அந்த ஒரு மீட்டரை 0.2 வினாடிக்குள் கடந்துவிடுவார். விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் இடைவெளி முடிந்துவிடும். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் விழுகிறார். தனியாக ஓட்டும்போது உங்கள் கவனம் உங்களைப் பெருமளவு காப்பாற்றும். கூட்டத்தில் உங்கள் பாதுகாப்பில் பாதி அடுத்தவர் கையில் இருக்கிறது. அதனால்தான் குழு சவாரியில் ஹெல்மெட்டை ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் விடக்கூடாது என்கிறேன்.

கேள்வி: ஹெல்மெட்டைச் சோதிப்பதே 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் என்று படித்தேன். நாங்கள் 35ல் ஓட்டுகிறோம். அப்புறம் அது எதற்கு?

பதில்: படித்தது சரி. ஐரோப்பாவின் ஈஎன் 1078 தரத்தில் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்புப் பரப்பில் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுவார்கள். அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சியின் தரத்தில் 2 மீட்டர் உயரம், அதாவது நொடிக்கு 6.2 மீட்டர். உள்ளே இருக்கும் மாதிரித் தலை உணரும் அதிர்வு, அதாவது அது சட்டென்று வேகம் குறையும் அளவு, முதலாவதில் 250 ஜி, இரண்டாவதில் 300 ஜி அளவைத் தாண்டக்கூடாது (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு).

இந்த வேகம் தலை செங்குத்தாகக் கீழே வரும் வேகம். 35ல் போகும்போது விழுந்தால், அந்த 35ல் பெரும்பகுதி ரோட்டில் சறுக்குவதில் செலவாகிறது. கை, தோள், இடுப்பு எல்லாம் தேய்கின்றன. தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் மட்டும் உயரத்தைப் பொறுத்தே இருக்கிறது.

ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது நாம் தெர்மோகோல் என்று சொல்லும் அதே பாலிஸ்டைரீன் நுரை, இன்னும் அடர்த்தியாக. அது நசுங்குவதால் தலை நிற்பதற்குக் கூடுதல் தூரம் கிடைக்கிறது. நொடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில் வரும் தலை 3 மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரி அதிர்வு 500 ஜி அளவுக்குப் போகும். 20 மில்லிமீட்டர் நுரை நசுங்கி நின்றால் அது 75 ஜி. அந்த 17 மில்லிமீட்டருக்காகத்தான் ஹெல்மெட் போடுகிறோம்.

நேராகச் சுவரிலோ கம்பத்திலோ எதிரே வரும் காரிலோ தலை மோதினால் கதை வேறு. அங்கே முழு வேகமும் தலைக்கு வரும். ஹெல்மெட் கொஞ்சம் குறைக்கும், முழுதாகத் தாங்காது.

கேள்வி: ஞாயிறு சவாரியை நான்தான் நடத்துகிறேன். இரண்டு மூத்தவர்கள், இருபது வருடமாக ஓட்டுகிறவர்கள், ஹெல்மெட் போடமாட்டேன் என்கிறார்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை அண்ணா. மற்றவர்களும் அவர்களைப் பார்த்துக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள்.

பதில்: அனுபவம் என்ற வாதத்துக்கு முதலில் வருகிறேன். 1991ல் தொழில்முறைப் பந்தயங்களில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க உலகச் சைக்கிள் சம்மேளனமான யூசிஐ முயன்றது. பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் வீரர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, விதி பின்வாங்கப்பட்டது. 2003ல் அதே பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கசகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலியோவ் கூட்டத்துக்குள் சக வீரர்களோடு மோதி விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. மறுநாள் இறந்தார். அந்த ஆண்டே விதி வந்தது. உலகின் முதல் வரிசையில் ஓட்டியவருக்கே அனுபவம் அந்த ஒரு உரசலில் உதவவில்லை. உங்கள் மூத்தவர்களிடம் வேறு எதுவும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. விதியைச் சவாரி தொடங்கும் இடத்தில் அறிவிக்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் சொன்னால் அவர்களுக்கு அது மானப் பிரச்சினையாகிவிடும். இரண்டு மூன்று நாள் முன்பே இருவரையும் தனித்தனியாக அழைத்து, "அடுத்த வாரத்திலிருந்து ஹெல்மெட் இல்லாமல் யாரையும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை, நீங்கள் முன்னால் நின்றால் மற்றவர்களும் கேட்பார்கள்" என்று சொல்லுங்கள். பிறகு குழு முழுவதற்கும் ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள்: பக்கிள் போட்ட ஹெல்மெட் இல்லையென்றால் சவாரி இல்லை. விதிவிலக்கு ஒன்றுகூட வேண்டாம். மறந்து வருகிறவர்களுக்காக நடுத்தர அளவில் ஒன்று, பெரிய அளவில் ஒன்று என இரண்டு உபரி ஹெல்மெட் வைத்திருங்கள்.

"என் தலை, என் இஷ்டம்" என்பார்கள். தனியாக ஓட்டும்போது அந்தப் பேச்சுக்கு நான் போகமாட்டேன். குழுவில் ஒருவர் மயங்கிக் கிடந்தால் சவாரி அங்கேயே நின்றுவிடும். ஆம்புலன்ஸில் கூடப் போவது, வீட்டுக்குச் சொல்வது, மீதிப் பேரைப் பத்திரமாகத் திருப்புவது எல்லாம் உங்கள் தலையில். அந்தப் பொறுப்பைச் சுமக்கிறவர் நிபந்தனை வைப்பதில் தவறே இல்லை. அப்படியும் வரமாட்டேன் என்றால் அன்போடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹெல்மெட் போட்டால் கார்க்காரர்கள் இன்னும் நெருங்கி முந்துகிறார்கள் என்று ஓர் ஆய்வு இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. 2007ல் பிரிட்டனின் இயன் வாக்கர் வெளியிட்டது. ஹெல்மெட் அணிந்திருந்தபோது வாகனங்கள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருக்கமாகக் கடந்தன என்றது. 2013ல் வேறு இருவர் அதே தரவை மறுபடி அலசினார்கள். ஒரு மீட்டருக்கும் குறைவான, உண்மையிலேயே ஆபத்தான முந்தல்களுக்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில் இந்த அளவு குழப்பம் இல்லை. 40 ஆய்வுகளையும் காயமடைந்த 64,000க்கும் மேற்பட்டவர்களையும் தொகுத்த 2016ஆம் ஆண்டு அலசலில், ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைவாக இருந்தது.

கேள்வி: சரியான அளவு எது, எப்படிப் போடுவது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள்.

பதில்: குழு சவாரிகளில் ஹெல்மெட் இல்லாத தலையைவிட, சரியாகப் போடாத தலையே அதிகம் கண்ணில் படுகிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தையல் டேப்பால் புருவத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேலே தலையைச் சுற்றி அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுக்கும் நடுவில் இருந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். வட்டத் தலைக்கும் நீள்வட்டத் தலைக்கும் ஒரே கம்பெனி ஹெல்மெட் ஒத்துவராது. நெற்றியிலும் பின்னாலும் அழுத்திப் பக்கங்களில் இடைவெளி விட்டால் வடிவமே பொருந்தவில்லை என்று அர்த்தம். பஞ்சு வைத்துச் சரிக்கட்டாதீர்கள்.

தலையில் கிடைமட்டமாக வையுங்கள். புருவத்துக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இருக்கட்டும். முன்நெற்றி முழுதும் தெரியப் பின்னால் தள்ளிப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முகம் குப்புற விழுந்தால் முதலில் படுவது அந்த நெற்றிதான். பின்னால் இருக்கும் திருகு வளையத்தை இறுக்கி, ஸ்ட்ராப் போடாமலே குனிந்து தலையை ஆட்டுங்கள். விழாமல் நிற்க வேண்டும்.

அடுத்து இரண்டு பக்கமும் ஸ்ட்ராப்கள் காதைச் சுற்றி வந்து காது மடலுக்குச் சற்றுக் கீழே சேரும்படி கிளிப்பை நகர்த்துங்கள். தாடையின் கீழ் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். வாயை அகலமாகத் திறந்தால் ஹெல்மெட் மண்டையை இலேசாக அழுத்துவது தெரிய வேண்டும்.

கடைசியாக, உள்ளங்கையால் முன்விளிம்பை மேலே தள்ளுங்கள். நெற்றி திறந்துகொண்டால் காதுக்கு முன்னால் வரும் ஸ்ட்ராப் தளர்வு. பின்விளிம்பைத் தள்ளும்போது கண்ணை மறைத்தால் காதுக்குப் பின்னால் வரும் ஸ்ட்ராப் தளர்வு. ஸ்ட்ராப் நாளடைவில் தானாகவே நழுவும். மாதம் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வியர்வையில் உள்பஞ்சு தட்டையாகிவிட்டால் அளவே மாறிவிடும், அதை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: பின்னல், கொண்டை, உள்ளே தொப்பி... இவை எல்லாம்?

பதில்: உச்சிக் கொண்டை கூடாது, ஹெல்மெட் உயர்ந்து நின்றுவிடும். கழுத்துக்கு அருகே தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். கூந்தலில் கெட்டியான கிளிப் வேண்டாம். மெல்லிய சைக்கிள் தொப்பியோ வழுக்காத மெல்லிய துணியோ போடலாம், போட்ட பிறகு திருகு வளையத்தையும் ஸ்ட்ராப்பையும் மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: மேடு ஏறும்போது வேர்த்துக் கொட்டுகிறது. ஏற்றத்தில் மட்டும் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: யூசிஐகூட 2003ல் மலை உச்சியில் முடியும் பந்தயங்களின் கடைசி ஏற்றத்தில் கழற்ற அனுமதித்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டது. குழுவில் வேண்டாம். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் ஒரு கணம் பின்னோக்கி வருவதுபோல் ஆகி, பின்னால் வருபவரின் முன்சக்கரம் உரசும். மெதுவாகப் போகிற இடத்திலும் தலையின் உயரம் அதேதான். மாட்டிவைத்த ஹெல்மெட் முழங்காலில் இடிக்கும், ஸ்ட்ராப் முன்சக்கரக் கம்பியில் மாட்டும். உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டே இறக்கத்தில் இறங்குகிறவர்கள் அதைத் திரும்பப் போட மறந்தும் போகிறார்கள். காற்றுத்துளைகள் பெரிதான மாடலை வாங்குங்கள், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பைக் ஹெல்மெட்டையே போட்டால் இன்னும் பாதுகாப்புதானே?

பதில்: அதிக வேக மோதலுக்கானது, எடையும் ஒரு கிலோவுக்கு மேல். சைக்கிள் ஹெல்மெட் 250 முதல் 350 கிராம். குனிந்து ஓட்டும் கழுத்து அந்த எடையைத் தாங்காது, உடல் சூடு வெளியேற வழியும் இல்லை. காது மூடியிருந்தால் "குழி", "பின்னால் கார்" என்று குழுவில் கூப்பிடுவது கேட்காது. குழு சவாரிக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கேள்வி: மிப்ஸ் இருப்பதைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: இருந்தால் நல்லது. விழும்போது தலை பெரும்பாலும் சாய்வாகத்தான் தரையில் படுகிறது, அப்போது மண்டை சட்டென்று சுழலும், மூளைத் திசு இழுபடும். மிப்ஸ் என்பது உள்ளே இருக்கும் வழுக்குப் படலம். 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகர்ந்து அந்தச் சுழற்சியைக் குறைக்கிறது. வேறு பெயர்களிலும் இதே நோக்கத்துக்கான அமைப்புகள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சாய்வாக மோதவிட்டு நட்சத்திர மதிப்பு தருகிறது. அதைப் பாருங்கள், விலை அதிகமானவைதான் மேலே இருக்கும் என்பதில்லை. ஆனால் தலைக்குப் பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்தும் சாதாரண ஹெல்மெட்டையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: ஹெல்மெட் மேசையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். உள்ளே நாலைந்து கிலோ எடையுள்ள தலை இல்லாததால் நுரை நசுங்கும் அளவுக்கு அடி விழாது. உள்பஞ்சை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்போ பள்ளமோ ஓடு நுரையிலிருந்து பிரிந்திருப்பதோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். தலையில் இருக்கும்போது அடிபட்டிருந்தால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். நசுங்கிய நுரை பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. அடிபடாவிட்டாலும் 5 முதல் 10 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது அமெரிக்காவின் சிபிஎஸ்சி. அடிக்கடி ஓட்டுகிறவர்கள் 5க்குப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் தவிர வேறெதையும் கொண்டு துடைக்க வேண்டாம், பெட்ரோலும் தின்னரும் நுரையைக் கரைத்துவிடும். மூடிய காருக்குள் வெயிலில் விடாதீர்கள். கேமராவை உச்சியில் திருகி வைப்பதும் வேண்டாம், ஹேண்டில்பாரில் மாட்டுங்கள்.

கேள்வி: குழுவில் யாராவது தலை அடிபட விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒருவர் பின்னால் ஓடி வாகனங்களை நிறுத்தட்டும். விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். கழுத்து அசையாமல் ஒருவர் தலையை இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். மூச்சுக்குத் தடையாக இல்லாவிட்டால் ஹெல்மெட் அப்படியே இருக்கட்டும்.

நினைவு தப்பியிருந்தாலோ வாந்தி, வலிப்பு, குழறல் இருந்தாலோ கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். இன்று என்ன கிழமை, எங்கிருந்து கிளம்பினோம் என்று கேளுங்கள்; தடுமாறினாலோ தலைவலி, மயக்கம் என்றாலோ அவர் அன்று சைக்கிளில் ஏறவே கூடாது, "எனக்கு ஒன்றுமில்லை" என்று எத்தனை முறை சொன்னாலும். மருத்துவரைப் பார்க்கும் வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் தர வேண்டாம். முதல் ஒருநாள் தனியாக விடாமல் வீட்டில் ஒருவர் உடனிருக்க வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போனால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உடைந்த ஹெல்மெட்டையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். அடி எந்தப் பக்கம் விழுந்தது என்று மருத்துவருக்கு அது காட்டும்.